செத்தவனுக்கு ஏது பயம்?

(திரைக்கதை பயிலும் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்குமாக நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் உலகின் மகத்தான படங்களைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒரு தோற்றுப்போன படத்தோடு வந்திருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்றாக நிற்கிற வீட்டைப் பார்த்து எந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்; இடிந்து விழுந்த வீட்டில் எந்தத் தூணை வைக்க மறந்தார்கள் என்பது சட்டென்று தெரிந்துவிடும். எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தோல்விப் படம்தான் தெளிவான பாடம்.

படத்தின் பெயர் ‘ஆர்.ஐ.பி.டி.’. கல்லறையில் பொறிக்கிற மூன்றெழுத்தோடு இலாகா என்பதற்கான ஓர் எழுத்தைச் சேர்த்து வைத்த பெயர். செத்துப்போன போலீஸ்காரர்களை வைத்து, செத்தும் ஊரை விட்டுப் போகாத ஆவிகளைப் பிடிக்கிற இலாகா அது. பீட்டர் லெங்கோவ் எழுதி, டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிட்ட காமிக்ஸ்தான் மூலம். ஜெஃப் பிரிட்ஜஸ், ரயன் ரெனால்ட்ஸ், கெவின் பேகன், மேரி லூயிஸ் பார்க்கர் நடித்தார்கள். இயக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் ஷ்வென்ட்கே. 2013 ஜூலை 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, யுனிவர்சல் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது. ஏறத்தாழ 13 கோடி டாலர் செலவு. முதல் மூன்று நாள் உள்நாட்டு வசூல் 1.27 கோடி. உலகம் முழுக்க ஓடி முடிந்தபோது 7.8 கோடி. அந்த வசூலிலும் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. நஷ்டம் எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த வாரத்தின் வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அதே வெள்ளிக்கிழமைதான் ‘ரெட் 2’ வந்தது. 2010இல் முதல் ‘ரெட்’ படத்தை எடுத்து வெற்றி கண்டவர் இதே ஷ்வென்ட்கே. தன்னுடைய வெற்றியின் இரண்டாம் பாகத்தை வேறொருவர் கையில் விட்டுவிட்டு வந்து, அதனோடேயே மோத வேண்டியதாயிற்று. ரெனால்ட்ஸுக்கும் அதே கதிதான். அவர் குரல் கொடுத்த நத்தைப் படமான ‘டர்போ’ இரண்டு நாள் முன்னதாக, புதன்கிழமையே வந்திருந்தது; பக்கத்துத் திரையில் அவருக்கு அவரே போட்டி. ஆனால் இவர்கள் எல்லோரையும் அடித்துத் தள்ளியது இன்னொரு பேய்ப் படம். ‘தி கான்ஜுரிங்’ அதே நாளில் வந்து முதல் மூன்று நாளில் 4.19 கோடி டாலர் வசூலித்தது. அதற்கு ஆன செலவு 2 கோடி. மக்களுக்குப் பேய் அலுத்துவிட்டது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. கூட்டம் பேயைப் பார்க்கத்தான் வந்தது. இந்தப் பேய்களைப் பார்க்க வரவில்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். பாஸ்டன் நகரத் துப்பறியும் போலீஸ்காரர் நிக் வாக்கர் (ரெனால்ட்ஸ்). ஒரு சோதனையில் கிடைத்த தங்கத் துண்டுகளை அவரும் கூட்டாளி ஹேய்ஸும் கணக்கில் காட்டாமல் அமுக்கிவிடுகிறார்கள். நிக் தன் பங்கை வீட்டுக் கொல்லையில் புதைத்து, மேலே ஓர் ஆரஞ்சு மரத்தை நட்டுவிடுகிறார். பிறகு மனசாட்சி உறுத்துகிறது. திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று கூட்டாளியிடமே சொல்கிறார். அடுத்த சோதனையின்போது துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே ஹேய்ஸ் அவரைச் சுட்டுத் தள்ளிவிடுகிறார். மேலே போகிற உயிரை வழியிலேயே மறித்து ஓர் அலுவலகத்துக்கு இழுத்துப் போகிறார்கள். நூறு வருஷம் எங்களிடம் வேலை பார், தீர்ப்பு நாளில் உனக்காகப் பேசுகிறோம் என்பது பேரம். கூட்டாளியாக வருகிறவர் ராய் பல்சிஃபர் (பிரிட்ஜஸ்), பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேற்குப் பிரதேசத்து மார்ஷல். இருவரும் சேர்ந்து பிடிக்கிற ஆவிகளுக்கு ‘டெடோ’ என்று பெயர். நிக் அமுக்கிய அந்தத் தங்கம், செத்தவர்களை மறுபடி பூமிக்கு இறக்கிவிடும் பழைய சாதனம் ஒன்றின் துண்டு என்பது பிறகு தெரிகிறது. ஹேய்ஸே ஒரு டெடோ என்பதும் தெரிகிறது. வானத்தில் சுழல், கீழே நொறுங்கும் கட்டடங்கள், கிளைமாக்ஸ்.

வெளியானபோது எல்லோரும் சொன்ன குறை, இது ‘மென் இன் பிளாக்’ படத்தின் காப்பி என்பது. 1997இல் வந்த அந்தப் படத்திலும் ரகசிய இலாகா உண்டு. ஒரு மூத்தவர், ஓர் இளையவர் உண்டு. மனித வேஷம் போட்ட விநோத உயிர்கள் உண்டு. சாதாரணக் கடைக்குப் பின்னால் விநோத உலகம் உண்டு. குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் இதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த வகைப் படங்கள் எல்லாமே ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பவைதான். 1949இல் அகிரா குரோசாவா ‘ஸ்ட்ரே டாக்’ எடுத்தார். பேருந்தில் துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் போலீஸ்காரரும் அனுபவசாலியான மூத்தவரும் டோக்கியோவின் கோடை வெயிலில் அலைகிற கதை. பின்னால் வந்த ஜோடிப் போலீஸ் படங்களின் எலும்புக்கூடு அதில் அப்படியே இருக்கிறது. 1982இல் வால்டர் ஹில் இயக்கிய ‘48 ஹவர்ஸ்’ ஒரு போலீஸ்காரரையும் ஒரு கைதியையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பூட்டியது. 1987இல் ‘லீத்தல் வெப்பன்’. கடன் வாங்காத படம் எது? வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சிரிப்புப் படத்துக்குத்தான் சட்டம் கடுமையாக இருக்க வேண்டும். அதிலும் பேய் வருகிற சிரிப்புப் படத்துக்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். யாருக்கு எதைப் பார்த்துப் பயம், எது நடக்கும் எது நடக்காது, செய்ததற்கு என்ன விலை என்ற இந்த மூன்றையும் முதலிலேயே நிறுத்தவில்லை என்றால், 13 கோடி டாலரைக் கொட்டினாலும் படம் எழுந்து நிற்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பயம். ‘லீத்தல் வெப்பன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேன் பிளாக் எழுதி, ரிச்சர்ட் டோனர் இயக்கியது. மெல் கிப்சன் நடித்த ரிக்ஸ், மனைவியைப் பறிகொடுத்தவர். வாழ ஆசையில்லாதவர். டேனி க்ளோவர் நடித்த மர்ட்டாவுக்கு வயது ஐம்பது. அவரை நாம் முதன்முதலில் பார்க்கும்போது குளியல் தொட்டியில் கிடக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் பிறந்தநாள் கேக்கோடு குளியலறைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார்கள். போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாமல் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதருக்கு எவ்வளவு இருக்கிறது, எதையெல்லாம் இழக்க நேரும் என்பதை அந்த ஒரே காட்சி சொல்லிவிடுகிறது.

பிறகு ஒரு கட்டட உச்சி. ஒருவர் குதித்துச் சாகப்போவதாக மிரட்டுகிறார். ரிக்ஸ் மேலே போய் நைச்சியமாகப் பேசி, அவருடைய கையையும் தன் கையையும் சேர்த்து விலங்கு மாட்டிவிடுகிறார். அப்புறம் அவரையும் இழுத்துக்கொண்டு தானே குதிக்கிறார். கீழே காற்றுப்பை இருக்கிறது, பிழைத்துக்கொள்கிறார்கள். அரங்கம் சிரிக்கிறது. அடுத்த நிமிஷம் மர்ட்டா அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போய், உனக்கு நிஜமாகவே சாக வேண்டுமா என்று சீறுகிறார். ரிக்ஸ் துப்பாக்கியைத் தன் மீதே வைத்துக்கொள்கிறபோதுதான், இவன் நடிக்கவில்லை என்று மர்ட்டாவுக்கு உறைக்கிறது. அவருடைய முகத்தில் தெரிகிற அந்தப் பயம்தான் படம் முழுவதையும் நடத்திக்கொண்டு போகிறது. பயமில்லாத ஒருவனைப் பயமுள்ள ஒருவனோடு கட்டிப்போட்டதுதான் அந்தத் திரைக்கதையின் சூட்சுமம். ஒருவன் குதிக்கிறான், இன்னொருவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது, நாம் அந்த இன்னொருவனோடு உட்கார்ந்து பார்க்கிறோம்.

இப்போது ‘ஆர்.ஐ.பி.டி.’க்கு வாருங்கள். நிக் செத்தவர். ராய் செத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இரண்டு பேருமே உயரத்திலிருந்து விழுகிறார்கள், வண்டியில் அடிபடுகிறார்கள், எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். ஆவியை ஒரேயடியாக அழிக்கிற தோட்டா என்று ஒன்று கதையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இவர்கள் மீது பாய்ந்துவிடுமோ என்று நாம் பதறுகிற ஒரு காட்சியும் மனதில் நிற்பதில்லை. செத்தவனுக்கு ஏது பயம்? அவனுக்குப் பயமில்லை என்றால் நமக்கும் இல்லை. நமக்குப் பயமில்லை என்றால் திரையில் எத்தனை கட்டடம் சரிந்தாலும் அது வெறும் தூசிதான்.

சாகவே முடியாதவனை நாயகனாக வைத்தால் படம் ஓடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மறுப்பை இதே ரயன் ரெனால்ட்ஸே கொடுத்திருக்கிறார். 2016இல் வந்த ‘டெட்பூல்’ நாயகனை வெட்டினாலும் மறுபடி முளைக்கும், சுட்டாலும் சாக மாட்டான். அந்தப் படத்துக்கு 5.8 கோடி டாலர்தான் செலவு. வசூல் 78 கோடி. ஏன்? அவனுக்கு உயிர்ப் பயம் இல்லை, ஆனால் முகம் சிதைந்துபோயிருக்கிறது. அந்த முகத்தோடு காதலி எதிரில் போய் நிற்கப் பயம். அவள் வேலை பார்க்கிற இடம் வரைக்கும் போய்விட்டு, உள்ளே போகத் துணிச்சலில்லாமல் தயங்குகிறான். வலியும் அவனுக்கு வலிக்கிறது. எழுதியவர்கள் பயத்தை உடம்பிலிருந்து எடுத்து மானத்தில் வைத்துவிட்டார்கள். இடம் மாறியதே தவிரப் பயம் காணாமல் போகவில்லை.

இரண்டாவது, எது நடக்கும் எது நடக்காது என்கிற விதி. 1990இல் வந்த ‘கோஸ்ட்’ படத்தை நினைத்துப் பாருங்கள். கதையை ஒரு வரியில் சொன்னால் நிக்கின் கதையேதான். கூட வேலை பார்க்கிற நண்பனின் துரோகத்தால் சாம் என்கிற ஒருவன் சாகிறான். துரோகி அவனுடைய காதலி மாலியை நெருங்குகிறான். செத்தவனால் அவளிடம் பேச முடியவில்லை. அங்கே விதி என்ன? ஆவியால் எதையும் தொட முடியாது, கை ஊடுருவிப் போய்விடும். சுரங்க ரயிலில் திரிகிற இன்னொரு ஆவியிடம் சாம் பாடம் படிக்கிறான். வயிற்றுக்குள்ளிருக்கிற கோபத்தையும் ஆற்றாமையையும் திரட்டி ஒரு பாட்டில் மூடியை நகர்த்தக் கற்றுக்கொள்கிறான். அந்தப் பயிற்சிக் காட்சியில் நாம் சிரிக்கிறோம். பிறகு மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் சாம், அந்தப் பக்கம் மாலி. ஒரு செப்புக் காசு கதவோடு ஒட்டி மெல்ல மேலே ஏறுகிறது. காற்றில் மிதந்து அவள் விரலுக்கு வந்து சேர்கிறது. ஒரு காசு நகர்கிறது, அவ்வளவுதான். உலகமே அழுதது. மூடியை நகர்த்த அவன் பட்ட பாடு நமக்குத் தெரியும் என்பதால் அழுதது. இயக்குநர் ஜெர்ரி ஸக்கர், அதற்கு முன்பு ‘ஏர்ப்ளேன்’ என்ற அசட்டுச் சிரிப்புப் படத்தை எடுத்த மூவரில் ஒருவர் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். சிரிக்க வைத்துப் பழகியவருக்குத்தான் விதியின் அருமை தெரிந்திருக்கிறது.

1984இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில், துப்பாக்கிகளின் ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டக் கூடாது என்று முதலிலேயே எச்சரிக்கிறார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் அதையே செய்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை வென்ற ‘கான்ஜுரிங்’ படத்தில் குழந்தைகள் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறவர் கேட்டால், ஒளிந்திருப்பவர் கை தட்ட வேண்டும். அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறாள். அலமாரிக்குள்ளிருந்து கைதட்டல் கேட்கிறது. அவள் தேடுகிற பெண்குழந்தையோ வேறு அறையில் இருக்கிறாள். இரண்டு கை, ஓர் அலமாரி, ஒரு விதி. அரங்கத்தில் ஒருவருக்கும் மூச்சு வராது. கிராஃபிக்ஸ் செலவு ஒரு காசுகூட இல்லை.

‘ஆர்.ஐ.பி.டி.’யிலும் விதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நமக்கு ரொம்பவும் நெருக்கமானது. மனித வேஷத்தில் திரிகிற டெடோவைக் கண்டுபிடிக்க என்ன செய்கிறார்கள் தெரியுமா? இந்தியச் சாப்பாட்டை அவன் முன்னால் வைக்கிறார்கள். சீரகம் பட்டதும் வேஷம் கலைந்து சுயரூபம் பிதுங்கிக்கொண்டு வெளியே வருகிறது. ஆமாம், சீரகம்தான்! (சிரிப்பு) நம் வீட்டுப் பெண்மணிகள் ரசம் வைத்தே பாஸ்டன் நகரத்தைக் காப்பாற்றியிருப்பார்கள். (சிரிப்பு) அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். ஒரு விதியைத் துணிந்து அபத்தமாக வைக்கிறார்கள். அபத்தமான விதி தப்பே இல்லை, விதிக்கு அறிவு வேண்டியதில்லை, உறுதிதான் வேண்டும். ஆனால் அதற்கப்புறம் சீரகம் எங்கே போயிற்று? ஊரையே டெடோக்கள் சூழ்ந்து நிற்கிற கிளைமாக்ஸில் ஒரு சிட்டிகை சீரகத்தைக்கூடக் காணோம். முதல் பாதியில் வைத்த விதியை இரண்டாம் பாதியில் எடுத்துப் பயன்படுத்துவது திரைக்கதையின் அரிச்சுவடி. படத்தை எழுதியவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் கடைசி அரை மணி நேரம் வானத்துச் சுழலுக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. சுழல் வந்த பிறகு சீரகத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

இரண்டாவது விதி இன்னும் அருமையானது. நிக்கும் ராயும் மனிதர்கள் கண்ணுக்கு வேறு ஆட்களாகத் தெரிவார்கள். நிக், சீனத்து முதியவர் ஒருவராகத் தெரிவார். ராய், பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிற பொன்னிறக் கூந்தல் அழகியாகத் தெரிவார். நிக் கையிலிருக்கிற துப்பாக்கி ஜனங்கள் கண்ணுக்கு வாழைப்பழமாகத் தெரியும். மேற்குப் பிரதேசத்து முரட்டு மார்ஷல் ஒருவர், தெருவில் நடக்கும்போதெல்லாம் ஆண்கள் வெறித்துப் பார்ப்பதைத் தினமும் சகித்துக்கொள்ள வேண்டும் என்றால், அதில் மட்டும் எத்தனை காட்சிகள் இருக்கின்றன! ஒரு முழுப் படத்துக்கான சொத்து அது.

அதை என்ன செய்தார்கள்? சில நொடிகளுக்கு வெட்டிக் காட்டிவிட்டு மறுபடி நட்சத்திரங்களின் முகத்துக்கே வந்துவிடுகிறார்கள். ரெனால்ட்ஸுக்கும் பிரிட்ஜஸுக்கும் சம்பளம் கொடுத்தாயிற்று, அவர்கள் முகத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா என்பது தயாரிப்பாளரின் நியாயம். அந்தச் சீனத்து முதியவராக நடித்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் ஹாங். 1929இல் பிறந்தவர், ஐம்பதுகளிலிருந்து நடிக்கிறவர். ‘பிளேட் ரன்னர்’ படத்தில் உறைகுளிர் அறைக்குள் உட்கார்ந்து செயற்கைக் கண்கள் செய்கிற கிழவர் அவர்தான். ‘பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா’வின் லோ பான் அவர்தான். ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தபோது வயது தொண்ணூற்று மூன்று. அப்படிப்பட்ட ஒருவரைக் கூட்டி வந்து, கையில் வாழைப்பழத்தைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு இழப்பு அதைவிடப் பெரியது. தன் இறுதிச் சடங்கில் நிக் மனைவி ஜூலியாவை நெருங்குகிறார். அவள் கண்ணில் தெரிவதோ முன்பின் அறியாத முதியவர். இந்த இடம் அழவும் வைக்கலாம், சிரிக்கவும் வைக்கலாம். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை ‘மென் இன் பிளாக்’ காட்டிக்கொடுத்திருக்கிறது. அதில் மூத்தவரான கே, இலாகாவில் சேர்வதற்காகக் காதலித்த பெண்ணை விட்டு வந்தவர். ஒருநாள் வேலைக்கு நடுவே செயற்கைக்கோள் திரையில் அவளை எட்டிப் பார்க்கிறார். அவள் தோட்டத்தில் ஏதோ வேலையாக இருக்கிறாள். இவர் வாயைத் திறக்கவில்லை. பின்னால் வந்து நிற்கிற இளையவர் பார்த்ததும் திரையை அணைத்துவிடுகிறார். சில நொடிகள்தான். அந்தக் கறுப்புக் கோட்டின் விலை என்ன என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. காப்பி அடித்தார்கள் என்று குறை சொல்கிறவர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான்: காப்பி அடித்தவர்கள் இந்தக் காட்சியையும் சேர்த்து அடித்திருக்கலாம்!

இயக்குநருக்குத் திறமை இல்லை என்று சொல்லவும் வழியில்லை. இதே ஷ்வென்ட்கே 2017இல் ஜெர்மனிக்குத் திரும்பிப் போய் ‘டேர் ஹௌப்ட்மன்’ என்றொரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். இரண்டாம் உலகப்போரின் கடைசி வாரங்களில் படையை விட்டு ஓடிய வில்லி ஹெரோல்ட் என்ற இளம் சிப்பாய்க்குக் கைவிடப்பட்ட காரில் ஒரு கேப்டனின் சீருடை கிடைக்கிறது. குளிருக்காக எடுத்துப் போட்டுக்கொள்கிறான். எதிரில் வருகிறவன் சல்யூட் அடிக்கிறான். அங்கிருந்து கடைசியில் ஒரு முகாமின் கைதிகளைக் கொன்று குவிக்கிற அளவுக்குப் போகிறான். உண்மையில் நடந்த சம்பவம். உள்ளே இருப்பவன் ஒருவன், ஊர் பார்ப்பது இன்னொருவன் என்கிற அதே விஷயம்தான். இந்த முறை அந்த ஒரு விதியை அவர் படம் முடியும் வரை விடவில்லை. சீருடையைப் பார்த்தவர் பணிவார் என்பதே விதி. ஒவ்வொரு காட்சியும் அதன் கழுத்தை இன்னும் கொஞ்சம் நெரித்துப் பார்க்கிறது. பார்த்து முடித்தால் தூக்கம் வராது. ஆக, கை அதே கைதான். கட்டுப்பாடு இருந்தபோது வேலை செய்தது, காசு இருந்தபோது செய்யவில்லை.

மூன்றாவது, விலை. மேலுலகத்தை ஓர் அலுவலகமாகக் கற்பனை செய்வது ஹாலிவுட்டின் கண்டுபிடிப்பு இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் எமனின் கணக்குப்பிள்ளைக்கே கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்கள் நாம். சித்திரகுப்தன் ஏட்டைப் புரட்டுகிறான் என்றால், நம் பாட்டிமார்களுக்கே அந்தக் காட்சி அத்துபடி. ஆள் மாறிக் கொண்டுவந்துவிட்டார்கள், உடம்பை எரித்தும் விட்டார்கள், இனி வேறு உடம்பு தேட வேண்டும் என்கிற கதையை 1941இல் ‘ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்’ அங்கே சொன்னது. 1990இல் ரஜினிகாந்தின் ‘அதிசயப் பிறவி’ அதே போக்கில் இங்கே சொன்னது. 1946இல் பவலும் பிரஸ்பர்கரும் எடுத்த ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ படத்தில், கணக்கில் ஓர் உயிர் குறைகிறது என்று மேலுலக நீதிமன்றமே கூடுகிறது. மண்ணுலகம் வண்ணத்தில், மேலுலகம் வண்ணமில்லாமல்! இந்தக் கதைகளில் எல்லாம் நாம் சிரிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். ஏடு பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்புகிற இடத்தில் ஒரு வரி பிசகிவிடுகிறது. ஏட்டின் மேல் மரியாதை இருந்தால்தான் பிசகு சிரிப்பாகும்.

நிக்கின் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். அவர் திருடியிருக்கிறார். நல்லவர்தான், மனம் திருந்தியவர்தான், ஆனால் திருடியிருக்கிறார். அந்தத் தங்கத்தைக் கொல்லையிலிருந்து எடுக்கிற நாளில் மனைவிக்கு அவர் யார் என்பதே சந்தேகமாகிவிடுகிறது. இங்கே ஒரு நிஜமான கதை உட்கார்ந்திருக்கிறது. செத்தபின் ஒரு மனிதன் தன் பெயரை எப்படித் துடைப்பான்? சொல்ல வாயிருந்தும் சொல்லும் முகம் தன்னுடையதாக இல்லாதபோது எப்படிச் சொல்வான்? படம் இதைத் தொட்டுவிட்டு அடுத்த துரத்தலுக்கு ஓடிவிடுகிறது. கூலி நூறு வருஷ வேலை. நூறு வருஷம் என்றால் ஜூலியா கிழவியாகி, செத்து, அவளுக்குத் தீர்ப்பும் ஆகியிருக்கும். நிக் அப்போதும் பாஸ்டன் தெருவில் டெடோ பிடித்துக்கொண்டிருப்பார். இந்தக் கணக்கைப் படத்தில் ஒருவரும் ஆற அமர உட்கார்ந்து போட்டுப் பார்க்கவில்லை. ராய்க்கு அந்தக் கணக்கு தெரியும், அவர் காலத்து ஜனங்கள் ஒருவர்கூட இப்போது மிச்சமில்லை. அவர் ஒருமுறை நின்று அதைச் சொல்லியிருந்தால், இரண்டு கூட்டாளிகளுக்கும் நடுவே பேச ஒரு விஷயம் இருந்திருக்கும். அதற்குப் பதிலாகத் தன் பிணத்தைக் கொயோட்டி எனும் சிறு ஓநாய்கள் தின்ற கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார்.

குறை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அது நியாயம் ஆகாது. நிக் சாகிற காட்சி நன்றாக இருக்கிறது. சுடப்பட்டு விழுந்தவர் எழுந்து நிற்கிறபோது, சுற்றிலும் துப்பாக்கிச் சண்டை அப்படியே உறைந்துபோயிருக்கிறது. அந்தரத்தில் நெருப்பு நிற்கிறது, மனிதர்கள் பாதி ஓட்டத்தில் நிற்கிறார்கள். அதற்கு நடுவே அவர் ஒன்றும் புரியாமல் நடந்து போகிறார். அங்கே கிராஃபிக்ஸ் கதையைச் சொல்கிறது. இலாகாவின் வாசல், பழைய விசிஆர் பழுதுபார்க்கிற கடைக்குள் இருக்கிறது என்பதும் சரியான குறும்பு. 2013இல் அந்தக் கடைக்குள் யார் நுழையப் போகிறார்கள்? ஜெஃப் பிரிட்ஜஸ், மூன்று வருஷம் முன்பு ‘ட்ரூ க்ரிட்’ படத்தில் செய்த முரட்டு மார்ஷலின் குரலையே இங்கேயும் கொண்டுவருகிறார். ஆனாலும் அந்த மனிதர் வாயைத் திறந்தால் படத்துக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது. அலுவலகத்தின் மேலதிகாரியாக வருகிற மேரி லூயிஸ் பார்க்கர், ஒரு புருவத்தைக்கூட உயர்த்தாமல் செய்கிற கிண்டல் இன்னொரு நல்ல விஷயம். ஆளும் இருந்தார்கள், யோசனையும் இருந்தது.

அப்படியானால் எங்கே தவறிப்போயிற்று? பணம் அதிகமாக வந்தால் பயம் போய்விடுகிறது என்பது என் எண்ணம். 2 கோடியில் பேய்ப் படம் எடுக்கிறவருக்கு அலமாரியைத் திறந்து காட்டக் காசில்லை. அதனால் மூடிய அலமாரியை வைத்தே நம்மை ஆட்டிவைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு விதி தேவை. 13 கோடி இருப்பவர் எல்லாவற்றையும் திறந்து காட்டிவிடலாம். திறந்து காட்டிய பிறகு அடுத்ததை இன்னும் பெரிதாகக் காட்ட வேண்டும். இப்படியே போய் வானத்தில் ஒரு சுழலில் முடிகிறது. கோடை விடுமுறைப் படங்கள் பலவற்றில் அந்தக் காலத்தில் அதே சுழல்தான். 2022இல் ‘ஆர்.ஐ.பி.டி.’க்கு ஒரு முன்கதைப் படம், வேறு நடிகர்களை வைத்து, தியேட்டருக்கு வராமலேயே வீடியோவாக வெளிவந்தது. இலாகாவுக்கு இன்னும் ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. (சிரிப்பு)

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். இன்று இரவு வீட்டுக்குப் போய், நீங்கள் எழுதிவைத்திருக்கிற பேய்க் கதையையோ போலீஸ் கதையையோ எடுங்கள். உங்கள் நாயகன் எதைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று ஒரு வரி எழுதுங்கள். கதையின் உலகத்தில் நடக்கவே முடியாத ஒன்றை ஒரு வரியில் எழுதுங்கள். அதை எழுபதாவது பக்கத்தில் நீங்களே மீறியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவன் செய்த தப்புக்கு யார், எப்போது, என்ன விலை கொடுக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று வரியும் எழுத வந்துவிட்டால், அதற்கு மேல் நீங்கள் சீரகத்தை வைத்தும் படம் எடுக்கலாம், அரங்கம் உங்களோடு வரும். எழுத வரவில்லை என்றால் தயாரிப்பாளரைத் தேடிப் போகாதீர்கள். அவர் பணம் கொடுத்துவிடுவார், அதுதான் ஆபத்து.

கேள்வி இருந்தால் கேளுங்கள். சண்டைக்கும் தயார்.